வினாடி முள் நிற்கக் கூடாது

பினாங்கின் லோரோங் கூலிட் பசாரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. பழைய செருப்பு, துருப்பிடித்த ஸ்பானர், யாரோ ஒருவருடைய கல்யாண ஆல்பம் எல்லாம் ஒரே தார்ப்பாயில் கிடக்க, நடுவில் சீக்கோ எஸ்கேஎக்ஸ் 007 வாட்ச் ஒன்று மினுமினுத்துக்கொண்டிருந்தது. 1,400 வெள்ளி என்றார் விற்பவர். எல்லாமே ஒரிஜினல், இந்த மாதிரி இனிமேல் வராது, நேற்றுகூட ஒருத்தர் கேட்டுவிட்டுப் போனார் என்று வழக்கமான பாட்டு. நான் வாட்ச்சின் பக்கவாட்டில் இருக்கும் சாவியைத் திருகித் திறந்து வெளியே இழுத்தேன். வினாடி முள் சட்டென்று நின்றது. நன்றி சொல்லி வாட்ச்சைத் தார்ப்பாயிலேயே வைத்துவிட்டு நடந்தேன்.

முள் நின்றால் நல்லதுதானே, நேரம் சரியாக வைக்கலாமே என்று தோன்றும். மற்ற வாட்ச்களில் நல்லதுதான். இந்த வாட்ச்சுக்குள் இருக்க வேண்டிய மெஷின் 7எஸ்26. அதில் சாவியை இழுத்தாலும் வினாடி முள் தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருக்கும், நிறுத்தும் வசதியே கிடையாது. சாவியைச் சுற்றி ஸ்பிரிங்கை முறுக்கவும் முடியாது. கையில் கட்டி ஆட்டினால்தான் உயிர் வரும். அதனால் முள் நின்றது என்றால் உள்ளே வேறு மெஷினை மாட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம், அவ்வளவுதான். பெரும்பாலும் சீக்கோவின் இன்னொரு மெஷினான என்எச்36ஆக இருக்கும், அதே கேஸுக்குள் உட்கார்ந்துவிடும், நல்ல மெஷினும்கூட. ஆனால் அதை ஒரிஜினல் என்று சொல்லி என் தலையில் கட்டக் கூடாது, இல்லையா?

இந்த வாட்ச்சைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், தெரிந்தவர்கள் தாண்டிப் போகலாம். 1996இல் வந்தது. 2019 வாக்கில் தயாரிப்பை நிறுத்தினார்கள். 200 மீட்டர் ஆழத்துக்கான முக்குளிப்பு வாட்ச், முக்குளிப்பு வாட்ச்களுக்கான ஐஎஸ்ஓ 6425 தரத்துக்குச் செய்தது. கேஸ் நாற்பத்திரண்டரை மில்லிமீட்டர், வார் அகலம் 22. சாவி மூன்று மணிப் பக்கம் இல்லாமல் நான்கு மணிப் பக்கம் இறங்கியிருக்கும், மணிக்கட்டை மடக்கினால் புறங்கையில் குத்தாது. கறுப்பு டயலில் உருண்டை உருண்டையாகப் பச்சை வெளிச்சப் புள்ளிகள், சினிமா ஓடும்போது பக்கத்து இருக்கைக்காரர் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு எரியும். வெளி வளையத்தை ஒரு பக்கம்தான் திருப்ப முடியும், ஒரு முழுச் சுற்றுக்கு 120 'கிளிக்'. பின்மூடியில் ஒரு பேரலைச் சித்திரம். இதெல்லாம் சேர்ந்து ஒரு காலத்தில் சாதாரண வாட்ச், சம்பளக்காரன் வாட்ச். நான் பாயான் லெப்பாஸில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஓவர்டைம் காசில் வாங்கிவிடக்கூடிய விலைதான். கூட வேலை செய்த ஒருவர் கட்டியிருந்தார், நான் என்ன சொன்னேன் தெரியுமா? ரெண்டு நாள் கட்டலைன்னா நின்னு போற வாட்ச் எதுக்குண்ணே என்று. பேட்டரி வாட்ச் ஒன்றை வாங்கிக் கட்டிக்கொண்டு திரிந்தேன்.

நிறுத்திவிட்டார்கள் என்று கேள்விப்பட்ட பிறகுதான் ஆசை வந்தது. இதில் பெருமைப்பட ஒன்றுமில்லை, சந்தையில் பாதிப் பேர் கதை இதுதான். அதே 2019இல் சீக்கோ 5 ஸ்போர்ட்ஸ் என்று முகம் அப்படியே இதுபோலவே இருக்கும் ஒன்றைக் கொண்டு வந்தார்கள். மெஷின் 4ஆர்36, சாவியில் முறுக்கலாம், முள்ளும் நிற்கும், ஆனால் தண்ணீருக்கு 100 மீட்டர்தான், சாவியும் திருகி மூடுவதில்லை. அன்றாடம் கட்டுவதற்கு அது போதும், சொல்லப்போனால் அதுதான் வசதி. ஆனால் பழையதன் விலை அதற்குப் பிறகுதான் ஏற ஆரம்பித்தது.

ஒரு விஷயத்தை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். இது அபூர்வமான வாட்ச் இல்லை. இருபது வருஷத்துக்கு மேல் மூட்டை மூட்டையாகச் செய்து உலகம் முழுக்க விற்ற பொருள். யாராவது 'முதலீடு' என்று பேசினால் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். குறைந்துபோனது என்னவென்றால், கை வைக்கப்படாதது. வாங்கியவர்களில் பாதிப் பேர் டயலை மாற்றி, முள்ளை மாற்றி, கண்ணாடியைச் சஃபையராக்கி, வளையத்துக்குப் பீங்கான் பட்டை போட்டு ஆளுக்கொரு கோலம் பண்ணிவிட்டார்கள். அதுவும் ஒரு ஆனந்தம், குறை சொல்லவில்லை. ஆனால் கழற்றிய பாகங்களை எல்லாம் சேர்த்து இன்னொரு கேஸில் மாட்டி 'ஒரிஜினல்' என்று விற்கும்போதுதான் வயிறு எரிகிறது. கிழமை எழுத்து ஜன்னலின் நடுவில் உட்காராமல் ஒதுங்கி நிற்கிறதா என்று பாருங்கள். நான்கு மணிச் சாவிக்கு மெஷினே கொஞ்சம் திரும்பி உட்காரும், அதற்கென்று தனிக் கிழமைத் தட்டு உண்டு. மூன்று மணித் தட்டை மாட்டியிருந்தால் எழுத்து தடுமாறும்.

எட்டு மாதம் தேடினேன். கடைசியில் பிறை என்ற ஊரில் ஒரு அடுக்குமாடி வீட்டில் கிடைத்தது.

விற்றவர் ஒரு அண்ணன், அறுபதைத் தொட்டவர், பட்டர்வொர்த் பக்கம் கப்பலடியில் மூழ்கிச் சிப்பி சுரண்டும் வேலை பார்த்தவர். அதாவது இந்த வாட்ச்சை அது எதற்காகச் செய்யப்பட்டதோ அதற்கே பயன்படுத்திய, நான் நேரில் பார்த்த ஒரே ஆள். வளையத்தின் கறுப்பு சாம்பலாகி, பூஜ்ஜியத்தில் இருக்கும் வெளிச்சப் புள்ளி உதிர்ந்து வெறும் குழியாக இருந்தது. கண்ணாடியில் ஒன்பது மணியிலிருந்து குறுக்காக ஒரு கீறல். ஏன் விற்கிறீர்கள் என்று கேட்டேன். "டாக்டர் தெனம் பத்தாயிரம் அடி நடக்கச் சொல்லிட்டாருப்பா. மகன் அடி எண்ணுற வாட்ச் வாங்கிக் குடுத்துட்டான். ரெண்டு கையிலயும் வாட்ச் கட்டுனா பைத்தியம்பாங்க" என்றார்.

சாவியை இழுத்தேன். முள் ஓடிக்கொண்டே இருந்தது. எனக்கு உள்ளுக்குள் ஒரு துள்ளல், முகத்தில் காட்டிக்கொள்ளவில்லை, ஆனால் அவர் கண்டுபிடித்துவிட்டார் என்று நினைக்கிறேன், ஏனென்றால் 1,050 வெள்ளியிலிருந்து கடைசி வரை இறங்கவே இல்லை.

பின்மூடியில் 7எஸ்26-0020 என்று இருந்தது, அது 007க்கு உரிய எண். வரிசை எண் 35 என்று தொடங்கியது. சீக்கோவில் முதல் இலக்கம் வருஷத்தின் கடைசி எண், இரண்டாவது மாதம் (அக்டோபர், நவம்பர், டிசம்பருக்கு மட்டும் ஓ, என், டி என்ற எழுத்துகள்). அப்படியென்றால் ஏதோ ஒரு 3இல் முடியும் வருஷத்தின் மே மாதம். 1993இல் இந்த வாட்ச்சே இல்லை. மீதி 2003 அல்லது 2013. மகள் பிறந்த வருஷம் வாங்கினேன், அவளுக்கு இப்போது இருபதைத் தாண்டிவிட்டது என்றார் அண்ணன். கணக்கு சரியாக வந்தது, இருந்தாலும் பிறந்தநாளை வைத்துச் சொல்லும் கணக்கை வாட்ச் வாங்குபவன் முழுசாக நம்பக் கூடாது. ஒரு வாரம் கழித்து வாட்ச் ரிப்பேர் செய்யும் பாய் மூடியைத் திறந்தபோது உள்ளே 7எஸ்26ஏ என்று இருந்தது. ஏ, பி, சி என்று மூன்று பதிப்புகளில் ஏ தான் மூத்தது. 2003தான்.

பாய் என்று சொன்னேன் இல்லையா, அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஜார்ஜ்டவுனில் கடைகளுக்கு முன்னால் இருக்கும் அஞ்சடி நடைபாதையில் ஒரு தூணுக்கும் சுவருக்கும் நடுவில், ஒரு அலமாரி அகலத்துக்குத்தான் கடை. ஒரு கண்ணாடிப் பெட்டி, ஒரு மேசை விளக்கு, மேலே ஒரு சின்ன காற்றாடி, அதுவும் நம் பக்கம் திரும்பித்தான் இருக்கும், அவர் பக்கம் திருப்பினால் திருகாணி பறந்துவிடும். முதல் தடவை என் வாட்ச்சை வாங்கி, காதில் வைத்துக் கேட்டு, கண்ணில் லென்ஸைச் செருகிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "தண்ணிக்குள்ள இருந்த வாட்ச்சு தம்பி. ஆனா வச்சிருந்தவன் ஒழுங்கானவன்" என்றார். கழுவி எண்ணெய் போட்டுக் கொடுக்க மூன்று வாரம் கேட்டார், 180 வெள்ளி.

நான் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார அனுமதி வாங்கியது வேறு கதை, இரண்டு ரொட்டி சானாயில் முடிந்தது. பின்மூடியைக் கழற்றியதும் அரைவட்டமாக ஒரு கனமான தட்டு, அதுதான் கை ஆடும்போது சுழல்வது. ஒரே ஒரு திருகாணி. அதைக் கழற்றினால் அடியில் 'மேஜிக் லீவர்'. 1959இல் சீக்கோ கொண்டு வந்த உத்தி. நண்டு தன் இரண்டு கொடுக்கால் ஒரு பல்சக்கரத்தைக் கவ்வியிருப்பது போல இருக்கும். தட்டு வலப்பக்கம் சுற்றினாலும் இடப்பக்கம் சுற்றினாலும் ஒரு கொடுக்கு தள்ளும், இன்னொன்று இழுக்கும், சக்கரம் மட்டும் எப்போதும் ஒரே திசையில் போய் ஸ்பிரிங்கை முறுக்கும். இவ்வளவு எளிமையான ஒன்றைப் பார்க்கும்போது, இத்தனை நாள் எந்த நம்பிக்கையில் பேட்டரியை மாற்றி மாற்றிக் கட்டினோம் என்று இருந்தது. பாய் எல்லாவற்றையும் பிரித்து பென்சினில் போட்டார். எண்ணெய் வைக்கும்போது மட்டும் பேசக் கூடாது. ஊசி முனையில் எடுக்கும் துளி கடுகில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. அதிகமானால் பரவிப் போய்விடும், குறைந்தால் தேயும்.

இந்த மெஷின் ஒரு மணி நேரத்துக்கு 21,600 தடவை அடிக்கிறது. வினாடிக்கு ஆறு. ஒரு நாளைக்கு 5,18,400. அத்தனை அடியில் என்னுடையது தினமும் 25 வினாடி முந்திக்கொண்டிருந்தது, பாய் வேகத்தைச் சரிசெய்யும் லீவரை மயிரிழை தள்ளி 9 வினாடிக்குக் கொண்டு வந்தார். இதற்கு மேல் கேட்காதே, இது கப்பல் குரோனோமீட்டர் இல்லை என்றார்.

பின்மூடி, சாவி, கண்ணாடி மூன்றுக்கும் வாஷர் மாற்ற வேண்டும் என்றபோது நான் தயங்கினேன். பழைய வாஷர் ஒரிஜினல் ஆயிற்றே என்று வாய்விட்டே கேட்டுவிட்டேன், இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. பாய் அதை இடுக்கியால் எடுத்துக் காட்டினார், காய்ந்துபோன கத்தரிக்காய்க் காம்பு மாதிரி வளையாமல் நின்றது. "தம்பி, இது ஒரிஜினல் இல்ல. அழுக்கு."

அன்றைக்கு எனக்குள் ஒரு கோடு போட்டுக்கொண்டேன். டயல், முள், கேஸ், மெஷின் இவற்றில் கை வைக்க மாட்டேன். வாஷர், வார், எண்ணெய் எல்லாம் சாப்பாடு மாதிரி, தீரத் தீரப் போட வேண்டியவை. கண்ணாடிதான் இரண்டுக்கும் நடுவில் நின்று கழுத்தறுத்தது. கீறல் விழுந்த ஹார்ட்லெக்ஸை (சீக்கோவின் சொந்தக் கண்ணாடி) எடுத்துவிட்டு 31.5 மில்லிமீட்டரில் சஃபையர் போட்டுவிடலாம், எங்கும் கிடைக்கும். போடவில்லை. சஃபையரில் லேசில் கீறல் விழாது, ஆனால் பலமாக இடித்தால் உடைய வாய்ப்பு அதிகம், ஹார்ட்லெக்ஸ் கீறும், அடியைத் தாங்கும். இது அறிவுப்பூர்வமான காரணம். உண்மைக் காரணம், அந்தக் குறுக்குக் கீறல் எந்தக் கப்பலின் அடியில் விழுந்தது என்று அண்ணனிடம் கேட்டுவிட்டேன், அதற்குப் பிறகு எப்படிக் கழற்றுவது. பாலிஷ் போடச் சொல்லி ஒரு நண்பர் நச்சரித்தார். கேஸின் கூர்மையான விளிம்புகள் ஒரு தடவை மழுங்கினால் திரும்ப வராது, சோப்புக் கட்டி மாதிரி ஆகிவிடும். கேட்கவில்லை.

சரி, இவ்வளவு பக்தியாக வைத்திருந்தவன் அதைப் பாலில் நனைத்த கதைக்கு வருகிறேன்.

தைப்பூசம். அம்மாவுக்கு நேர்த்திக்கடன், நான் பால்குடம் எடுக்கிறேன் என்று சொல்லியிருந்தேன். அந்த வாரம் வாட்ச்சைக் கட்டாமல் மூன்று நாள் போட்டுவிட்டதால் நின்றுபோயிருந்தது. விடியற்காலை மூன்றரை மணி, கண்ணைக் கசக்கிக்கொண்டு, அரையிருட்டில் நேரத்தையும் தேதியையும் வைத்தேன். இரவு 9 மணியிலிருந்து விடியற்காலை 4 மணி வரை தேதியைத் தொடக் கூடாது, உள்ளே சக்கரங்கள் தேதியை மாற்றக் கவ்விக்கொண்டிருக்கும் நேரம், பல் உடையலாம் என்று ஊருக்கெல்லாம் உபதேசம் செய்தவன் நான்தான். அது போதாது என்று சாவியை உள்ளே அழுத்தியதோடு சரி, திருகி மூடவில்லை.

தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு 513 படி. மேலே ஏற ஏற, தலையில் இருக்கும் குடத்தைப் பிடித்த வலது கையை மாற்றி இடது கையால் பிடித்தேன், வாட்ச் கட்டிய கை. முன்னால் போனவர் நின்றார், நான் அவர்மேல் இடித்தேன், குடம் தளும்பி முழங்கை வழியாக அரைக் குவளைப் பால் வழிந்தது. முருகனுக்குப் போக வேண்டியதில் கொஞ்சம் ஜப்பான் மெஷினுக்குப் போயிற்று. அந்த நேரத்தில் யார் வாட்ச்சைப் பார்ப்பார்கள். மறுநாள் காலையில்தான் பார்த்தேன், கண்ணாடிக்கு உள்பக்கம் ஆறு மணியிலிருந்து மேலே மெல்லிய பனி படர்ந்திருந்தது.

பதற்றத்தில் அரிசி டின்னில் புதைத்தேன். அம்மா பார்த்துவிட்டார். "அரிசியில வாட்ச்சைப் பொதைச்சா ஈரம் போகுமோ இல்லையோ, ராத்திரி சோத்துல உன் சாவி கெடக்கும். எடுடா வெளிய" என்றார். ஈரம் போகவும் இல்லை.

பாய் திறந்தபோது சாவிக் குழாயில் வெள்ளையாகக் காய்ந்த படலம், லேசான புளித்த வாடை. சாவித் தண்டில் ஊசிமுனை அளவுக்குத் துரு ஆரம்பித்திருந்தது. டயல் தப்பித்தது, தேதிப் பல்லும் தப்பித்தது. நான் நடந்ததைச் சொல்லச் சொல்ல அவர் லென்ஸை எடுக்காமலே கேட்டுக்கொண்டிருந்தார். "200 மீட்டர்னு எழுதியிருக்கறது சாவிய மூடுறவனுக்கு, தம்பி." அவ்வளவுதான் சொன்னார். அதற்குத் தனியாக 90 வெள்ளி.

இன்னொரு தடவை ஒரே ராத்திரியில் 11 நிமிஷம் முந்திப் போனது. செத்தேன் என்று ஓடினேன். பாய் ஒரு சின்னத் திசைகாட்டியை வாட்ச் பக்கத்தில் வைத்தார், காந்த ஊசி மிரண்ட ஆட்டுக்குட்டி மாதிரி தலையை ஆட்டியது. ராத்திரி எங்கே வைத்தாய் என்றார். மூடியில் காந்தம் இருக்கும் டேப்லெட் உறைமேல். காந்தம் ஏறினால் வாட்ச்சின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் ஹேர் ஸ்பிரிங்கின் சுருள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், ஸ்பிரிங் நீளம் குறைந்தது போலாகிச் சக்கரம் வேகமாக ஆடும். காந்தத்தை நீக்கும் நீல நிறச் சின்னப் பெட்டி ஒன்று, பொத்தானை அழுத்தி வாட்ச்சை மெல்ல மேலே தூக்கினார், முடிந்தது. காசு வாங்கவில்லை, ஒரு கோப்பி போதும் என்றார். வாட்ச் திடீரென்று பைத்தியம் பிடித்து ஓடினால் உடனே சர்வீஸுக்குக் கொடுத்துக் காசை விடாதீர்கள், முதலில் இதைப் பாருங்கள்.

பழைய வாட்ச் வாங்கலாமா என்று கேட்டு வருகிறவர்களிடம் இப்போதெல்லாம் நான் மாடல், விலை எதையும் பேசுவதில்லை. உன் ஊரில் மூடியைத் திறக்க ஒரு ஆள் இருக்கிறாரா என்று கேட்கிறேன். 007க்குப் பாகம் கிடைக்கும், இன்னும் நெடுங்காலம் கிடைக்கும், அவ்வளவு செய்திருக்கிறார்கள். துளி எண்ணெயை அந்த அளவோடு வைக்கிற கை எத்தனை இருக்கிறது என்று பாருங்கள். பாய்க்குப் போன வருஷம் வலது கண்ணில் புரை எடுத்தார்கள், ஒரு மாதம் கடை பூட்டிக் கிடந்தது. அந்த ஒரு மாதமும் நான் மழையில்கூட வாட்ச்சைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டேன்.

கடை திறந்த பிறகு போன முதல் சனிக்கிழமை, வாஷருக்குச் சிலிக்கோன் கிரீஸ் தடவ வேண்டிய முறை. டப்பாவை என் பக்கம் தள்ளினார். "நீ பண்ணு, நான் பாக்குறேன்." பிடியில் கேஸை இறுக்கி, மூடியின் பள்ளங்களில் திறக்கும் கருவியைப் பொருத்தி, முதல் திருப்பு நகரவே இல்லை, இரண்டாவதில் விரல் வழுக்கியது, மூன்றாவதில் திறந்தது. வாஷரைக் கழற்றிக் கிரீஸில் புரட்டி வைக்கும்போது எங்கிருந்தோ ஒரு முடி வந்து விழுந்தது, என்னுடையதுதான். ஊதப் போனேன், "வாயால ஊதாதே, எச்சி" என்று ரப்பர்ப் பம்பைக் கையில் கொடுத்தார். அரைமணி நேரம் ஆயிற்று. அவர் செய்தால் நான்கு நிமிஷ வேலை. மூடி, நேரம் வைத்து, கையில் கட்டி, ஏதோ எவரெஸ்டில் கொடி நட்டவன் மாதிரி அவர் முன்னால் கையை நீட்டிக் காட்டினேன்.

பாய் ஒன்றும் பேசவில்லை. என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்து, திறந்தே கிடந்த சாவியை அழுத்தித் திருகி மூடினார். அப்புறம் எதிர்க் கடைப் பையனைக் கூப்பிட்டு, "ரெண்டு தே தாரே, காசு இவரு குடுப்பாரு" என்றார்.